கோவைக் குளங்களில் படகும் வலையும்: நீங்கள் பார்த்ததை எழுதுங்கள்

சுங்கத்துக்காரன்:
வாலாங்குளத்தில் படகு விட ஆரம்பித்த பிறகு நடந்தது. பொழுது சாயும் நேரம். மிதிபடகில் போன பையன்கள் நேராக வலைக்குள் விட்டுவிட்டார்கள். சக்கரத்தில் நைலான் கண்ணி சுற்றிக்கொண்டு படகு நகரவில்லை. பரிசல்காரர் வேகமாகத் துடுப்புப் போட்டு வந்தார். "தம்பி, அறுத்துறாதீங்க, நானே எடுத்துடறேனுங்க" என்று கத்துகிறார். அதற்குள் கரையிலிருந்து போன ஆள் கத்தியால் அறுத்துத் தள்ளிவிட்டார். படகு போய்விட்டது. பெரியவர் பரிசலில் உட்கார்ந்தபடியே அறுந்த வலையை முழம் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணியில் ஜிலேபிக் கெண்டை துள்ளிக்கொண்டிருந்தது. ஒருவர்கூட அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. கரையில் நடைபாதை, விளக்கு என்று செய்திருக்கும் இந்த அலங்காரமெல்லாம் யாருக்கு என்று அன்றைக்கே தோன்றியது.

புலியகுளம் வாசகி:
வலையை அறுத்தது அநியாயம். ஆனால் கரை வேலையையே அலங்காரம் என்று ஒதுக்குவதை ஒப்புக்கொள்ள மாட்டேன். கட்டிடக் கழிவும் கோழிக் கழிவும் கிடந்த கரையில் அப்போது யார் நடந்தது? முழங்கால் வலியோடு இருக்கும் அம்மாவை உக்கடம் பெரியகுளத்துக்குக் கூட்டிப் போனேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவர், "தண்ணிக்கு இவ்ளோ கிட்ட வந்து எத்தன வருசமாச்சு" என்றார். பிறகு வீட்டுக்குக் கிளம்பவே மனசில்லை அவருக்கு. இருட்டிய பிறகும் பெண்கள் பயமில்லாமல் நடக்க விளக்கு வேண்டும்தானே?

நாமக்கோழி:
வாசகி, விளக்கு நடைபாதையில் விழட்டும். தண்ணீர்மேல் எதற்கு? கூழைக்கடாவும் நீர்க்காகமும் ராத்தங்கும் இடம் அது. கரையைக் கல்லால் செங்குத்தாகக் கட்டி, படகு தரைதட்டாதபடி தண்ணீரையும் நிறைத்தே வைத்தால் உள்ளான் பறவை இறங்கச் சேற்றுத் திட்டு எங்கே இருக்கும்?

என்னால் மறக்க முடியாதது ஆகாயத்தாமரையை இயந்திரம் வாரிக் கொட்டிய நாள். குவியலுக்குள் ஏதோ அசைந்தது. நீலத் தாழைக்கோழிக் குஞ்சு, உடம்பெல்லாம் கறுப்புப் பஞ்சு, கால் மட்டும் நீளம். தாய் கோரைப்புல் ஓரத்தில் நின்று கத்திக்கொண்டே இருந்தது. ஆகாயத்தாமரையை எடுக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. குஞ்சு பொரிக்கும் காலம் பார்த்து எடுக்கலாம். சாக்கடை உள்ளே வருவதை நிறுத்தாதவரை அது திரும்பத் திரும்ப மூடத்தான் போகிறது.

ஒண்டிப்புதூர் அப்பா:
குளம் எதுவானாலும் சரி, படகில் ஏறுகிறவர்கள் இதைப் படியுங்கள். ஒரு மலை ஏரியில் என் மகளுக்குக் கொடுத்த மிதவை அங்கியில் கொக்கியே இல்லை. கேட்டதற்கு, "ஆழமில்ல சார்" என்றார்கள். நாங்கள் ஏறவில்லை.

அங்கியை வாங்கியதும் எல்லாக் கொக்கியையும் மாட்டிப் பாருங்கள். தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கினால் குழந்தையின் காதுவரை ஏறக் கூடாது, ஏறினால் அளவு பெரிது. சின்னக் குழந்தைக்குக் கால் இடுக்கில் போடும் பட்டை கட்டாயம். இரண்டடுக்குப் படகில் எல்லோரும் ஒரே பக்கம் சாய்ந்தால் உடனே கீழ்த்தளத்துக்கு இறங்கி நடுவில் உட்காருங்கள். 2009-ல் தேக்கடியில் கவிழ்ந்த படகில் 45 பேர் இறந்தார்கள். 2023 மே மாதம் கேரளத்தின் தானூரில் அளவுக்கு மீறி ஆளேற்றிய படகு இரவில் கவிழ்ந்து 22 பேர் போனார்கள், அதில் குழந்தைகள் எத்தனையோ. இடம் இருக்கிறது, ஏறுங்கள் என்று கூப்பிட்டால் அடுத்த படகுக்கு நில்லுங்கள். டிக்கெட் பணம் போனாலும் போகட்டும்.

பரிசல் வீட்டுப் பையன்:
முதல் பதிவு போட்டவருக்கு. என் மாமா வேறொரு குளத்தில் மீனவர் சங்கத்து வலை போடுகிறவர். பணம் கட்டிக் குத்தகை எடுத்து, மீன்குஞ்சு வாங்கி விட்டு வளர்த்துத்தான் பிடிக்கிறோம். அந்தியில் வலை விரித்து விடியலில் எடுப்போம். படகுக்கு மிதவை கட்டி எல்லை போட்டு, வெளிச்சம் குறையுமுன் கரையேற்றிவிட்டால் எங்களுக்கும் அவர்களுக்கும் தகராறே வராது. கையெழுத்து வாங்கித் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுக்கப் போகிறோம். அந்தப் பெரியவர் எந்தக் கரையில் பரிசல் கட்டுகிறார் என்று தெரிந்தால் சொல்லுங்கள், அவரையும் சேர்த்துக்கொள்கிறோம்.