ஒரே நேரம் யூவி கொடுத்தும் ஒரு தட்டில் மட்டும் கருக்கள் சாவது ஏன்?

முத்தியால்பேட்டை:
வணக்கம். புதுச்சேரியில் எம்.எஸ்சி. விலங்கியல் படிக்கிறேன். ப்ராஜெக்டுக்கு ஜீப்ராஃபிஷ் கருக்கள் மேல் புற ஊதாக் கதிர் கொடுத்துப் பார்க்கிறேன். 365 நானோமீட்டர் விளக்கில் 10 நிமிடம், ஒன்றும் ஆகவில்லை. 254 விளக்கில் அதே 10 நிமிடம், இரண்டு தட்டு. மறுநாள் காலை ஒரு தட்டில் எல்லாம் பால் மாதிரி வெளுத்துக் கிடக்கின்றன, இன்னொன்றில் வால் துடிக்கிறது! நேரம் கூடினால் செல் சாவும் கூடும் என்று எழுதி வைத்திருக்கிறேன், திங்கட்கிழமை கைடிடம் காட்ட வேண்டும். எங்கே தப்பு?

பரங்கிப்பேட்டை:
பிழைத்த தட்டுக்கு மூடி போட்டிருந்தீர்களா? பிளாஸ்டிக் பெட்ரி தட்டு பாலிஸ்டைரீன், பார்க்கத் தெளிவாக இருந்தாலும் 254-ஐ உள்ளே விடாது.
365 விஷயம் வேறு. அதில் ஒரு ஃபோட்டானுக்கு (ஒளித்துகளுக்கு) ஆற்றல் 3.4 எலக்ட்ரான் வோல்ட், 254-இல் 4.9. டிஎன்ஏ நன்றாக உறிஞ்சுவது 260 பக்கம்தான், அங்கே அடுத்தடுத்த தைமின்கள் (டிஎன்ஏவின் நான்கு எழுத்துகளில் ஒன்று) ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், செல் சரிசெய்ய முடியாத அளவுக்கு அது சேர்ந்துவிட்டால் பி53 புரதம் வேலையைத் தொடங்கி செல் தன்னைத் தானே அழித்துக்கொள்ளும். 365-ஐ டிஎன்ஏ பெரும்பாலும் உறிஞ்சுவதே இல்லை, அதனால் நிமிடத்தைக் கூட்டி இந்தக் குறையை ஈடுகட்டப் பார்க்காதீர்கள்.

தேவனாம்பட்டினம்:
நிமிடம் மட்டும் எழுதினால் யாராலும் திரும்பச் செய்ய முடியாது. தட்டு இருக்கும் இடத்தில் யூவி மீட்டர் வைத்துக் கதிரின் வலிமையை அளந்து, நொடியால் பெருக்கி, சதுர மீட்டருக்கு எத்தனை ஜூல் என்று போடுங்கள். அதே அளவை மெதுவாகக் கொடுத்தால் செல்லுக்குப் பழுது பார்க்க நேரம் கிடைக்கும், அதையும் மறக்க வேண்டாம். மீனிடம் ஃபோட்டோலையேஸ் என்கிற நொதி வேறு இருக்கிறது, வெளிச்சம் பட்டாலே ஒட்டிய தைமின்களைப் பிரித்துவிடும். கதிர் கொடுத்த பிறகு தட்டை இருட்டில் வையுங்கள்.
கருவின் வயது என்ன? முதல் சில மணி நேரத்தில் கதிர் கொடுத்தாலும் கேஸ்ட்ருலா நிலை (கருவின் செல்கள் இடம் மாறி அடுக்குகளாகப் பிரியும் கட்டம்) வரும்வரை அப்போப்டோசிஸ், அதாவது செல் தன்னைத் தானே அழித்துக்கொள்வது, தெரியாது. வெளுத்தது என்றால் கரு முழுசாகவே போய்விட்டது, செல் செல்லாகச் சாவதைப் பார்க்க அக்ரிடின் ஆரஞ்சு என்கிற சாயம் ஊற்றி ஃப்ளோரசன்ஸ் மைக்ராஸ்கோப்பில் பச்சைப் புள்ளிகளை எண்ண வேண்டும். சரி, கண்ணுக்குக் கவசம் போடுகிறீர்கள்தானே? 254 கண்ணைக் கெடுத்துவிடும்.

முத்தியால்பேட்டை:
மூடி போட்டிருந்தேன் அண்ணா! தூசி விழும் என்று நான்தான் மூடினேன். அதோடு எல்லாத் தட்டையும் ஜன்னல் ஓரமாகத்தான் வைத்திருந்தேன். கவசம் போட்டிருக்கிறேன். மீட்டர் பக்கத்து லேபில் கேட்டாயிற்று, நாளைக்கு 24 மணி நேரக் கருக்களில், மூடி இல்லாமல், முதலிலிருந்து.