அதே பாட்டு, அதே சின்னம்: பிளாக் மிரரில் நாங்கள் தேடிய முடிச்சுகள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கதை முடிவுகள் எல்லாம் இங்கே உடைபடும். இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

தொழில்நுட்பம் மனிதர்களை என்ன செய்யும் என்று காட்டும் பிரிட்டிஷ் தொடரான பிளாக் மிரரில் ஒவ்வொரு எபிசோடும் தனிக்கதை, ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்றுதான் நான் நினைத்திருந்தேன். அந்த நினைப்பைக் கெடுத்தது 'ஒயிட் கிறிஸ்மஸ்'. 2014இல் வந்த சிறப்பு எபிசோட். அதில் பெத் ஒரு கரோக்கேயில் பாடுவாள். இரண்டு வரி கேட்டதும் படுத்திருந்த நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். 2011இல் வந்த 'ஃபிஃப்டீன் மில்லியன் மெரிட்ஸ்' எபிசோடில், நடுவர்கள் முன்னால் கைகால் நடுங்க அபி பாடிய அதே பாட்டு! அமெரிக்கப் பாடகி ஐர்மா தாமஸ் 1964இல் பாடியது. சரி, தயாரிப்பாளர்களுக்குப் பிடித்த பாட்டாக இருக்கும் என்று விட்டிருக்கலாம். ஆனால் அதே எபிசோடில் ஒரு செய்திச் சேனல் வரும், யூகேஎன் என்று. திரையின் அடியில் ஓடும் வரிகளை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். முதல் எபிசோடில் பன்றியோடு மாட்டிய பிரதமர் காலோ, 'வால்டோ மொமெண்ட்' தேர்தலில் நின்ற லியம் மன்றோ, 'ஒயிட் பேர்' கதையில் ஒரு சிறுமியின் கொலை வழக்கில் சிக்கிய விக்டோரியா ஸ்கிலேன் என்று பெயர்கள் வரிசையாகப் போகின்றன. அன்றிரவு தூக்கம் போயிற்று.

அப்புறம் ஒரு நோட்டு வாங்கி, எல்லாக் கதைகளும் ஒரே உலகத்தில் நடப்பதாக வைத்து காலக்கோடு போட ஆரம்பித்தேன். காலோ கதை முதலில், சைக்கிள் மிதித்துப் புள்ளி சேர்க்கும் 'மெரிட்ஸ்' உலகம் கடைசியில். நடுவில் மற்றவை. ஒயிட் பேர் வழக்கை எங்கே வைப்பது என்ற கேள்விக்கு 'ஹேட்டட் இன் தி நேஷன்' பதில் சொல்லியது. அதில் வரும் இளம் போலீஸ் அதிகாரி, தான் ரானக் வழக்கில் வேலை பார்த்ததாகப் போகிறபோக்கில் சொல்வாள். ரானக் என்பவன் அந்தக் குற்றத்தில் விக்டோரியாவின் கூட்டாளி. ஆக இரண்டும் ஒரே ஊர், ஒரே காலம். அந்த ஒரு வசனத்துக்கு நோட்டில் சிவப்பு மையில் வட்டம் போட்டு வைத்தேன்.

2017 டிசம்பர் 29, 'பிளாக் மியூசியம்'. கண்ணாடிப் பெட்டிகளுக்குள் தேனீ டிரோன், உடைந்த டேப்லெட், ரத்தக் கறை படிந்த குளியல் தொட்டி, 'யூஎஸ்எஸ் கலிஸ்டர்' கதையில் வரும் சிறுவனின் லாலிபாப்! பழைய கதைகளின் சாட்சியங்கள் எல்லாம் ஒரே கூரையின் கீழ். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை. ஜாக் என்பவன் உட்கார்ந்து ஒரு காமிக்ஸ் படிக்கிறான். மனம் மட்டும் அவன் தலைக்குள் ஏற்றப்பட்டு அங்கேயே குடியிருக்கும் அவன் துணைவி கேரி, பக்கத்தை ஏன் அவ்வளவு சீக்கிரம் புரட்டினாய் என்று சண்டை பிடிக்கிறாள். எல்லாரும் அந்தச் சண்டையைப் பார்த்திருப்பார்கள். நான் அட்டையைப் பார்த்தேன். 'ஃபிஃப்டீன் மில்லியன் மெரிட்ஸ்'. அந்த உலகத்தில் அது வெறும் கற்பனைக் கதை! என் காலக்கோட்டின் கடைசிக் கட்டம் அப்படியே பொத்தென்று விழுந்தது.

உங்களில் யாருக்கெல்லாம் இப்படி நடந்தது? எந்த இடத்தில் முடிச்சு கண்ணில் பட்டது, எந்த இடத்தில் அவிழ்ந்தது, சொல்லுங்கள்.

* * *

காலக்கோடு போட்டு ஏமாந்தவர் நீங்கள் மட்டும் இல்லை. எனக்கு இன்னும் எரிச்சல் என்னவென்றால், அவ்வளவு சாட்சியங்களையும் ஒரே இடத்தில் சேர்த்துக் காட்டிவிட்டு, கடைசியில் அதைச் சுற்றிப் பார்க்க வந்த நிஷ் என்ற பெண் அந்த மியூசியத்துக்கே தீ வைத்துவிட்டுக் கிளம்பிவிடுவாள். நம்மைப் போன்றவர்களைப் பார்த்து யாரோ சிரிப்பது போலவே இருந்தது.

* * *

நான் மாட்டியது 'பேண்டர்ஸ்நாட்ச்'சில். 2018 டிசம்பர் 28 அன்று வந்தது, நாமே முடிவுகளைத் தேர்ந்தெடுக்கும் படம். ஒரு முடிவில், கேம் எழுதும் இளைஞனான கதாநாயகன் ஸ்டீஃபன் பேருந்தில் உட்கார்ந்து வாக்மேனில் ஒரு கேசட்டைப் போடுவான். கர்ர்... கீஈஈ... என்று ஒரு இரைச்சல். என் ஹெட்போன் ஒயர்தான் போய்விட்டது என்று நினைத்து, கழற்றி மாட்டி, வேறு ஹெட்போன் போட்டு, கடைசியில் வெறுத்துப்போய் மூடிவிட்டேன். மறுநாள்தான் தெரிந்தது, அது இரைச்சல் இல்லை. 80களில் ஸ்பெக்ட்ரம் கம்ப்யூட்டரில் கேம்களைக் கேசட்டிலிருந்துதான் ஏற்றுவார்கள், அந்தச் சத்தம். அதைப் பதிவு செய்து எமுலேட்டரில், அதாவது பழைய கம்ப்யூட்டரைப் போலவே இயங்கும் மென்பொருளில், ஏற்றியவர்களுக்கு ஒரு க்யூஆர் கோடு கிடைத்திருக்கிறது. அது கொண்டுபோய்விட்ட இடத்தில் கதையில் வரும் டக்கர்சாஃப்ட் கம்பெனியின் பக்கமும், அங்கே 'நோஸ்டைவ்' என்ற விளையாடக்கூடிய கேமும்!

'நோஸ்டைவ்' என்பது மூன்றாம் சீசனில் வரும் அந்த ஐந்து நட்சத்திர மதிப்பெண் கதையின் பெயர். கேமில் அந்தப் பெயரின் ஆங்கில எழுத்துகளை மட்டும் மாற்றியிருந்தார்கள். ஒருவன் கட்டடங்களுக்கு நடுவே விழுந்துகொண்டே இருப்பான், நாம் கண்விழிகளைப் பொறுக்கிக்கொண்டு பற்களில் இடிக்காமல் தப்ப வேண்டும். மூன்று நாள் விளையாடினேன். எதற்கு என்று கேட்காதீர்கள்.

* * *

மன்னிக்கவும், நான் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுகிறேன். செய்தி வரிகளும் சுவரொட்டிகளும் கலைக்குழுவினர் வைத்த குறும்பு. திரையில் ஏதோ ஒரு தலைப்புச் செய்தி ஓட வேண்டும், புதிதாக யோசிப்பதற்குப் பதில் பழைய பெயரைப் போட்டு ரசிகனைக் கிள்ளுகிறார்கள். அவ்வளவுதான். 'டீமன் 79' பார்த்தீர்களா? அதன் முடிவில் 1979இலேயே அணுகுண்டு விழுந்து உலகம் அழிகிறது. அப்புறம் 2011இல் காலோ எப்படிப் பிரதமர் ஆனார்?

* * *

மேலே தண்ணீர் ஊற்றிய நண்பருக்கு: அந்த எபிசோடைத்தான் நான் சாட்சிக்கு அழைக்க இருந்தேன்! அதில் மைக்கேல் ஸ்மார்ட் என்ற அரசியல்வாதியின் எதிர்காலம் ஒரு காட்சியாகத் தெரியும். அங்கே ஓடுவது 'மெட்டல்ஹெட்' எபிசோடின் இயந்திர நாய்கள் மாதிரியே இருக்கும். ஆனால் அந்த எதிர்காலம் வரவே இல்லை, அதற்குள் உலகம் முடிந்துவிட்டது. அப்படியானால் நாய்கள் வேறொரு கிளையில் ஓடுகின்றன என்றுதானே அர்த்தம்?

எனக்கு இது சட்டென்று விளங்கியது ஒயிட் பேர் சின்னத்தைக் காகிதத்தில் வரைந்து பார்த்தபோது. 'ஒயிட் பேர்' எபிசோடில் டிவியில் மினுக்கும் அந்தச் சின்னம் பேண்டர்ஸ்நாட்ச்சிலும் வருகிறது. ஒரு கோடு போய் இரண்டாகப் பிரிகிறது. கிளை! கேம் எழுதுபவனான காலின் ரிட்மன் அந்தப் படத்தில் திரும்பத் திரும்பப் பேசுவதும் இணைப் பாதைகளைப் பற்றித்தான். ஒரு பாதையில் அவன் மாடியிலிருந்து குதித்துவிடுவான். 2025இல் வந்த 'பிளேதிங்'கில் பார்த்தால் 1994இல் உயிரோடு உட்கார்ந்து கேம் எழுதிக்கொண்டிருக்கிறான். ஒரே உலகம் என்று எடுத்தால் இடிக்கிறது. கிளைகள் என்று எடுத்தால் காமிக்ஸும் நாயும் காலினும் அவரவர் இடத்தில் உட்கார்ந்துகொள்கிறார்கள்.

* * *

தண்ணீர் ஊற்றியவன் மறுபடியும். எதை வேண்டுமானாலும் விளக்கும் ஒரு தியரி எதையும் விளக்குவதில்லை. நாளைக்கே அபியும் காலோவும் கல்யாணம் செய்துகொண்டால்கூட "அது வேறு கிளை" என்பீர்கள்! ஆனாலும் சின்னத்தை வரைந்து பார்த்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். இரண்டு முறை.

* * *

இந்தச் சண்டையில் எனக்குப் பக்கம் இல்லை. எனக்குப் பாட்டுதான். 'குரோக்கடைல்' எபிசோடில் ஒரு காப்பீட்டு விசாரணை அதிகாரி, விபத்தைப் பார்த்தவர்களின் நினைவைக் கிளப்புவதற்கு இரண்டு காரியம் செய்வாள். பீர் வாசனையை முகரவைப்பாள், சம்பவ நேரத்தில் தெருவில் கேட்ட பாட்டைப் போட்டுக் காட்டுவாள். அந்தப் பாட்டு ஐர்மா தாமஸின் அதே பாட்டு. எனக்கு உடம்பு சிலிர்த்தது, ஏனென்றால் அவள் அவர்களுக்குச் செய்வதைத்தான் இந்தத் தொடர் எனக்குச் செய்துகொண்டிருந்தது. முதல் நொடியிலேயே அபியின் முகம் கண்முன்னால் வந்து நின்றது. இணைப்பு திரையில் இருக்கிறதா என் தலையில் இருக்கிறதா என்று அன்றைக்கு எனக்குக் குழம்பிப்போயிற்று.

போன வாரம் இன்னொன்று நடந்தது. என் மகள் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டே அந்த மெட்டை முணுமுணுத்தாள். அவளுக்கு ஒன்பது வயது. அந்தத் தொடரை அவள் கண்ணில் நான் காட்டியதே இல்லை. பதறிப்போய், "இதை எங்கே கேட்டாய்?" என்றேன்.

தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "நீங்கதானேப்பா பாத்திரம் கழுவும்போது தினமும் பாடுவீங்க" என்றாள்.