ஏசி மெக்கானிக்குக்குக் கூலி எப்படி வைப்பது?

வணக்கம். மதுரையில் சின்னதாக ஏசி சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். பங்குனி பிறந்துவிட்டால் தனியாகச் சமாளிக்க முடியாது. சொந்தமாகத் தொழில் செய்யும் ஒரு மெக்கானிக் அண்ணனுக்கு வேலையைப் பிரித்துக் கொடுக்கிறேன். சம்பள ஆள் இல்லை, பி.எஃப்., இ.எஸ்.ஐ. எதுவும் கிடையாது.

வாட்டர் சர்வீஸுக்கு 600 ரூபாய் வாங்கி, அவருக்கு 300 கொடுத்து வந்தேன். பாதிக்குப் பாதி, நியாயம்தானே என்று நினைத்திருந்தேன். போன வாரம் கூடவே போனபோதுதான் உறைத்தது. மூன்றாவது மாடி. சன்ஷேடில் ஒரு கால், ஜன்னல் கம்பியில் ஒரு கை. அவுட்டோர் யூனிட்டைக் கழுவி முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. பம்ப், பைக், பெட்ரோல் எல்லாம் அவருடையது. (சேஃப்டி பெல்ட் அன்றைக்கே வாங்கிக் கொடுத்துவிட்டேன், அது தனி.)

என் பக்கம் கடை வாடகை இருக்கிறது. கேஸும் காப்பர் பைப்பும் நான்தான் வாங்குகிறேன், அதில் பிரச்சினை இல்லை. கூலியில்தான் குழப்பம். சதவீதமா, வேலைக்கு இவ்வளவு என்றா? 400 கொடுத்தால் சரியாக இருக்குமா? ஒரே வாரத்தில் மறுபடி கம்ப்ளைன்ட் வந்தால் அவர் சும்மா போக வேண்டுமா, பெட்ரோல் காசாவது கொடுப்பதா? அப்புறம், வேலை குறைந்த மாதங்களிலும் அதே ரேட்டா?

அவராக வாய் திறந்து கேட்க மாட்டார், அதுதான் சங்கடம். இதே தொழிலில் இருப்பவர்கள் உங்கள் கணக்கைக் கொஞ்சம் சொல்லுங்கள்.