ஹாங்காங் 1997: கைமாறுவதற்கு முந்தைய அரசுமுறைப் பயணங்களால் பலன் இருந்ததா?

கொற்கை:
பிரிட்டன் ஹாங்காங்கைச் சீனாவிடம் கொடுப்பதற்கு முன் தலைவர்கள் போய்வந்ததெல்லாம் வெறும் போட்டோவுக்குத்தான் என்று இங்கே பலர் எழுதுகிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. 1979 மார்ச்சில் ஹாங்காங்கின் பிரிட்டிஷ் ஆளுநர் மெக்லிஹோஸ் பெய்ஜிங் போனார். ஹாங்காங் நிலத்தின் பெரும்பகுதியான நியூ டெரிட்டரிஸைச் சீனாவிடமிருந்து பிரிட்டன் எடுத்த குத்தகை 1997இல் முடிகிறது, அதைத் தாண்டி நிலத்தைக் குத்தகைக்கு விடலாமா என்பதுதான் அவர் கேள்வி. நீண்ட காலக் கடனில் வீடு வாங்குகிறவனுக்கு அது சின்ன விஷயமா?

1982 செப்டம்பரில் பிரிட்டிஷ் பிரதமர் தாட்சர் பெய்ஜிங் போனார். சீனத் தலைவர் டெங் சியாவோபிங் இம்மியும் இறங்கி வரவில்லை. பேசிவிட்டு வெளியே வந்த தாட்சர் மக்கள் மாமன்றக் கட்டிடத்தின் படிக்கட்டில் தடுக்கி, கையை ஊன்றி விழுந்தார். டிவியில் பார்த்த ஹாங்காங் மக்கள் பலருக்கு அது அபசகுனமாகப் பட்டது. ஆனாலும் பேச்சு முறியவில்லை. 1984 டிசம்பர் 19 அன்று அதே ஊரில் அவரே, 1997இல் ஹாங்காங்கைச் சீனாவிடம் ஒப்படைக்கும் கூட்டுப் பிரகடனத்தில் கையெழுத்துப் போட்டார்.

வழிப்போக்கன்:
நண்பரே, நீங்கள் சொன்ன 1979 பயணத்தையே எடுத்துக்கொள்வோம். டெங் அன்று இரண்டு விஷயம் சொன்னார்: ஹாங்காங் சீனாவுக்குச் சொந்தம், முதலீட்டாளர்கள் கவலைப்பட வேண்டாம். திரும்பி வந்த ஆளுநர் மக்களிடம் இரண்டாவதை மட்டும்தான் சொன்னார்! அரசுகளுக்குள் புரிதல் வந்தது, சரி. அந்த ஊரில் வாழ்ந்த ஏறக்குறைய 50 லட்சம் பேருக்கு? அப்புறம் நடந்த பேச்சிலும் அவர்களுக்குத் தனி இடம் கிடையாது. பிரிட்டன், சீனா, ஹாங்காங் என்று மூன்று தரப்பு உட்காரும் 'மூன்று கால் முக்காலி' வேண்டாம் என்று பெய்ஜிங் மறுத்துவிட்டது.

மீன்கொத்தி:
1991ஐ மறந்துவிட்டீர்கள். புது விமான நிலையத்துக்கான கடன் 1997க்குப் பிறகும் நீளும். சீனா சம்மதிக்காமல் யார் கடன் கொடுப்பார்கள்? 1989இல் தியானன்மென் சதுக்கப் போராட்டத்தைச் சீனா ராணுவத்தால் நசுக்கி இரண்டே வருஷத்தில் பிரிட்டிஷ் பிரதமர் ஜான் மேஜர் பெய்ஜிங் போய், சீனப் பிரதமர் லீ பெங்குடன் விமான நிலைய ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். அந்தக் கைகுலுக்கல் எனக்கு இன்னும் கசக்கிறது. ஆனால் அந்தப் புது நிலையமான செக் லாப் கொக்கில் 1998இல் விமானம் இறங்கியது.

கொற்கை:
அதைத்தான் சொல்கிறேன். கடைசி ஆளுநர் கிறிஸ் பேட்டன் என்ன செய்தார்? 1992 அக்டோபர் 7 அன்று மக்கள் ஓட்டின் வீச்சைக் கூட்டும் தேர்தல் சீர்திருத்தத்தை அறிவித்துவிட்டு, அப்புறம்தான் பெய்ஜிங் போனார். அங்கே இறுக்கமான முகங்கள்தான் வரவேற்றன. 1994இல் சீன அதிகாரி லூ பிங் ஹாங்காங்குக்கே வந்தார், பேட்டனைச் சந்திக்காமலே திரும்பினார். 1995இல் மக்கள் ஓட்டுப்போட்டு அமைத்த சட்டமன்றம் 1997 ஜூலை 1 அன்று கலைந்தது. முதலில் போய்ப் பேசியிருந்தால் அந்த மன்றம் நிலைத்திருக்கும் என்று நான் நம்புகிறேன்.

வழிப்போக்கன்:
எதைக் கொடுத்து நிலைத்திருக்கும்? அந்தச் சீர்திருத்தத்தையே கைவிட்டுத்தானே! 1993இல் 17 சுற்றுப் பேசியும் சீனா இறங்கவில்லை. ஒரு ஆளுநர் கேட்டுவந்ததை மக்களிடம் மறைத்தார். இன்னொருவர் மக்களிடம் சொல்லிவிட்டுப் போனார். நான் இரண்டாமவர் பக்கம்தான்.

கொற்கை:
1979இல் மறைத்தது தப்பு, ஒத்துக்கொள்கிறேன். பேட்டன் விஷயத்தில் என் எண்ணம் மாறவில்லை.