வெள்ளிக்கிழமை போய் இறங்காதீங்க

குழு: ஆச்சி வீடு

செவ்வாய், இரவு 8:05

கார்த்தி: மாலத்தீவுக்குத் தேதி பாத்தாச்சு. நானு, கௌரி, அவங்க அம்மா மூணு பேரும். ஜனவரில நாலு ராத்திரி. ஏஜென்ட் டிக்கெட்டைப் பிடிச்சு வச்சிருக்கார், நாளைக்குக் காலைல 10 மணிக்குள்ள பணம் கட்டணும். செல்வி அத்தை, நீங்க ஆறு வருஷம் அங்க டீச்சரா இருந்தவங்க. ரிசார்ட்டா, இல்ல ஊர்க்காரங்க குடியிருக்குற ஊர்த்தீவுல கெஸ்ட் ஹவுஸா? எதுன்னு நீங்கதான் சொல்லணும். ரிசார்ட்டுக்கு மூணு பேருக்கு ரெண்டே முக்கால் லட்சம் கேக்குறாங்க. ஃபிளைட் தனி.

முருகன் சித்தப்பா: மாசிக் கருவாடு வாங்கிட்டு வால.

பிரியா: ரெண்டே முக்கால் லட்சமா! நாங்க கல்யாணம் முடிஞ்சு போனப்போ ரிசார்ட்லதான் இருந்தோம். அழகுதான். ஆனா நாலு நாளும் அந்த ஊர்க்காரங்க ஒருத்தர்கூட உக்காந்து பேசல. வேலை பாக்குறவங்களத்தான் பாத்தோம்.

செல்வி அத்தை: கார்த்தி, ரிசார்ட் பேச்சு அப்புறம். எந்தக் கிழமை போய் எறங்குதீங்க?

கார்த்தி: வெள்ளிக்கிழமை சாயந்திரம் 5 மணி அத்தை. ஆபீஸ் லீவு ஒரு நாள் மிச்சம்.

செல்வி அத்தை: மாத்து. இன்னைக்கு ராத்திரியே ஏஜென்ட்கிட்ட சொல்லு.

செல்வி அத்தை: அங்க வார விடுமுறை வெள்ளியும் சனியும். வெள்ளிக்கிழமை அரசாங்க ஃபெர்ரி பெரும்பாலும் ஓடாது. தனியார் ஸ்பீடு போட் ஓடும், ஆனா கொறைச்சல். ஜும்ஆ தொழுகை முடியுற வரைக்கும் கடையெல்லாம் அடைச்சிருக்கும். ஏர்போர்ட் இருக்கதே தனித் தீவு, ஹுல்ஹுலேன்னு பேரு. நீ தங்கப் போற தீவுக்குக் கடல் தாண்டித்தான் போவணும். அஞ்சு மணிக்கு எறங்கி, பெட்டி எடுத்து வெளிய வர ஆறு ஆயிரும். அதுக்குமேல தூரத்துத் தீவுக்குப் போட் கெடைக்கது கஷ்டம். கௌரி அம்மாவ வச்சுக்கிட்டு இருட்டுல நிக்கக் கூடாது.

செல்வி அத்தை: நான் மொத தடவ போனப்போ வியாழன் ராத்திரி எறங்குனேன். கூட்டிட்டுப் போக வந்திருக்கணும், யாரும் வரல. தலைநகர் மாலேல ஒரு லாட்ஜ்ல ரெண்டு ராத்திரி. வெள்ளிக்கிழமை காலைல தண்ணி பாட்டில் வாங்கக்கூட கடை தொறந்திருக்கல. கையில இருந்த காசுல பாதி அங்கனயே போச்சு. நீங்க அந்தப் பாடு படக் கூடாது.

கார்த்தி: திங்கக்கிழமை காலைல போய் எறங்குற மாதிரி கேக்குறேன் அத்தை. ரெண்டு நாள் லீவு போனாலும் பரவால்ல.

செல்வி அத்தை: அதான் சரி. ஜனவரி நல்ல மாசம். டிசம்பர்ல இருந்து ஏப்ரல் வரைக்கும் வாடைக்காத்து, கடல் அமைதியா இருக்கும். மே மாசத்துக்கு மேல மழையும் அலையும்தான்.

இரவு 8:31

கௌரி: அத்தை, அம்மா சுத்த சைவம். அங்க எல்லாமே மீன்தானே? நாலு நாளும் பிரெட்டும் பழமும்தானான்னு பயப்படுறாங்க.

செல்வி அத்தை: பயம் நியாயம்தான் கௌரி. அங்க சூரை மீன் இல்லாத சாப்பாடே கிடையாது. காலைல மஸ் ஹுனி. மஸ்னா மீன், ஹுனின்னா துருவின தேங்கா. சூரையையும் தேங்காயையும் வெங்காயம், பச்சமிளகா, எலுமிச்சம்பழம் போட்டுப் பெசைஞ்சு, ரோஷின்னு நம்ம சப்பாத்தி மாதிரி ஒண்ணோட சாப்பிடுவாங்க. மத்தியானம் கருதியா, மீன் வேகவச்ச தெளிஞ்ச சாறு. சோத்துல ஊத்தி எலுமிச்சம்பழம் பிழிஞ்சுக்கணும். நானும் கார்த்தியும் சாப்பிடுற ஆளுங்க, எங்களுக்குச் சொர்க்கம். அம்மாவுக்கு என்ன வழின்னு சொல்லுதேன், இரு.

செல்வி அத்தை: மொத விஷயம், பாத்தா சைவம் மாதிரி இருக்கும், உள்ள மீன் இருக்கும். டீக்கடைல கண்ணாடிப் பெட்டிக்குள்ள சமோசா மாதிரி பஜியா வச்சிருப்பான், உள்ள சூரை. உருண்டையா குல்ஹான்னு ஒண்ணு, அதுலயும் சூரை. ரொட்டி மாதிரி இருக்க மஸ்ரோஷிலயும் அதேதான். கேக்காம எடுத்து வாயில வச்சிரக் கூடாது.

செல்வி அத்தை: ரெண்டாவது, அவங்க தோட்டத்துல என்ன வெளையுதுன்னு பாரு. பூசணி, சக்கரவள்ளிக் கிழங்கு, ஈரப்பலா, பப்பாளி, முருங்கை. முருங்கைய அவங்களும் முருங்கன்னுதான் சொல்லுவாங்க. அந்தப் பேரக் கேட்ட அன்னைக்கு எனக்கு ஊர் ஞாபகம் வந்து அழுகையே வந்துட்டு. அந்தக் கீரையையும் சூரை போட்டுத்தான் பெசைவாங்க. சூரையப் போடாம செய்யச் சொன்னா செஞ்சு தருவாங்க.

முருகன் சித்தப்பா: அவங்க வெங்காயத்துல பாதி நம்ம ஊர் வெங்காயந்தான். தூத்துக்குடி பழைய துறைமுகத்துல தோணில ஏத்துதோம்லா. வெங்காயம், காய்கறி, செங்கல், ஜல்லி எல்லாம் போவுது. அவன் படகுக்கும் தோணின்னுதான் பேரு.

செல்வி அத்தை: ஆமா தம்பி, "தோனி"ன்னு சொல்லுவாங்க. இந்தியாவுல இருந்தும் இலங்கைல இருந்தும் போற காய்கறி, அரிசி, பருப்ப நம்பித்தான் அந்தச் சனம் இருக்கு. அதனால கௌரி, அரிசியும் பருப்பும் எந்தத் தீவுலயும் கெடைக்கும். விலை கூட இருக்கும், அவ்வளவுதான். சமையக்காரங்க பாதிப் பேர் பங்களாதேஷ், இலங்கை, நம்ம நாட்டு ஆளுங்க. இந்திப் படம் பாத்துப் பாத்து ஊர்க்காரங்களுக்கும் இந்தி கொஞ்சம் புரியும். முந்தின நாள் ராத்திரியே சொல்லிட்டா பருப்பு, பூசணிக் கறி, சோறு வந்துரும். பருப்புப்பொடி ஒரு டப்பா மட்டும் எடுத்துக்கிடுங்க.

இரவு 8:52

கார்த்தி: அப்போ ஊர்த்தீவுதான் நல்லதுன்றீங்க. மாஃபுஷித் தீவா அத்தை? எல்லாரும் அதத்தான் சொல்றாங்க.

செல்வி அத்தை: மாஃபுஷி வசதி. ஸ்பீடு போட்ல அரை மணி, முக்கா மணிதான். இந்தியச் சாப்பாட்டுக் கடையும் இருக்கு. ஆனா கூட்டம். எனக்கு அம்மாவ நெனச்சா தொட்டூ தீவுதான் மனசுல வருது. ஒரு மணி நேரத்துக்கு மேல போட்ல போவணும். தர்ப்பூசணியும் பப்பாளியும் பயிர் பண்ணுத தீவு அது. மாலே சந்தைக்கே அங்க இருந்துதான் பழம் போவுது. சாயந்திரம் வயக்காட்டு வழியா நடந்தா நம்ம ஆத்தூர்ப் பக்கம் நடந்த மாதிரி இருக்கும். பழம் பறிச்ச எடத்துலயே வெட்டித் தருவாங்க.

பிரியா: அத்தை, இது எனக்குத் தெரியாமப் போச்சே.

செல்வி அத்தை: நான் போன 2006ல டூரிஸ்ட் ஊர்த்தீவுல தங்குறது கிடையாது. ரிசார்ட் தீவுலதான் தங்கணும். நம்மள மாதிரி வேலைக்கு வந்தவங்க மட்டும் ஊர்ல இருப்போம். 2009க்கு அப்புறம் சட்டத்த மாத்தி ஊருக்குள்ள கெஸ்ட் ஹவுஸ் வர விட்டாங்க. எங்கூட வேலை பாத்த டீச்சர் ஒருத்தி அவங்க அப்பா மீன் பிடிச்ச காசுல நாலு ரூம் கட்டுனா. அவ மகன் இப்போ காலேஜ் படிக்கான். நீங்க தங்குற காசு அந்த மாதிரி வீட்டுக்குப் போவட்டும்னுதான் இவ்வளவு சொல்லுதேன்.

கார்த்தி: ரூம் எவ்வளவு ஆகும்?

செல்வி அத்தை: சாதாரணமா ஒரு ரூம் 50ல இருந்து 80 டாலர், காலைச் சாப்பாட்டோட. ஆனா வெளிய போட்டிருக்க விலைய நம்பாத. வரி சேத்தியான்னு எழுதிக் கேளு. சுற்றுலா ஜிஎஸ்டி 17 சதவீதம், சர்வீஸ் சார்ஜ் 10 சதவீதம். அதோட கிரீன் டாக்ஸ். 2025ல இருந்து சின்ன கெஸ்ட் ஹவுஸ்ல ஆளுக்கு ஒரு ராத்திரிக்கு 6 டாலர், ரிசார்ட்ல 12. உங்க மூணு பேருக்கு நாலு ராத்திரின்னா அதுவே 72 டாலர். கடைசி நாள் பில்லப் பாத்துத் திடுக்கிடக் கூடாது.

செல்வி அத்தை: டாலர் நோட்டு மடிப்பு, கிழிசல் இல்லாம புதுசா வாங்கிட்டுப் போ. சின்ன நோட்டா இருக்கட்டும். அவங்க பணத்துக்கு ருஃபியான்னு பேரு, ஒரு டாலருக்கு 15.42 ருஃபியான்னு கணக்கு. ஊர்க் கடைல ருஃபியாவுல குடுத்தா மலிவு. கொஞ்சமா மாத்து. ருஃபியாவத் திருப்பி டாலராக்குறது கஷ்டம்.

இரவு 9:10

கௌரி: விசா வேணாம்தானே அத்தை?

செல்வி அத்தை: நமக்கு 90 நாள் இலவசம். ரிட்டன் டிக்கெட்டும் தங்குற எடத்துப் பதிவும் காட்டணும். இமுகான்னு ஒரு படிவம் இருக்கு, கெளம்புறதுக்கு 96 மணி நேரத்துக்குள்ள நெட்ல நெரப்பணும். போகும்போது ஒண்ணு, வரும்போது ஒண்ணு. அதுக்குக் காசு கெடையாது. காசு கேட்டா அது அரசாங்கத்து வெப்சைட் இல்ல, மூடிரு.

செல்வி அத்தை: இன்னொண்ணு கௌரி. அம்மா கைப்பைல சின்ன முருகன் சிலை வச்சிருப்பாங்களே, நான் பாத்திருக்கேன். அத வீட்டுல வச்சிட்டு வரச் சொல்லு. கும்பிடுற சிலை எதையும் அந்த நாட்டுக்குள்ள கொண்டுபோவக் கூடாதுன்னு சட்டம். ஏர்போர்ட்ல ஸ்கேன் பண்ணுவாங்க. சொல்லாம விட்டா அங்க போய் அவங்க மனசு உடைஞ்சிரும். நான் ஆறு வருஷமும் விடியக்காலம் ரூமுக்குள்ள வாய்க்குள்ளேயே கந்த சஷ்டி கவசம் சொல்லிக்கிட்டேன். ஒருத்தரும் ஒண்ணும் சொன்னதில்ல.

கௌரி: நல்லவேளை சொன்னீங்க. அம்மா அது இல்லாம வெளிய காலே வைக்க மாட்டாங்க. பக்குவமா எடுத்துச் சொல்லிடுறேன்.

முருகன் சித்தப்பா: கார்த்தி, ஏர்போர்ட்ல பாட்டில் கீட்டில் வாங்கிராத. எங்க தோணி ஆளுங்க கதை கதையாச் சொல்லுவாங்க.

செல்வி அத்தை: ஆமா. மது, பன்னிக்கறி ரெண்டும் உள்ள போவக் கூடாது. பாட்டில வாங்கி வச்சிட்டு, திரும்பும்போது தருவாங்க. ஊர்த்தீவுல மது கெடையாது.

பிரியா: டிரெஸ் எப்படி அத்தை? ரிசார்ட்ல எதுவும் கேக்க மாட்டாங்க, ஊர்த்தீவு எப்படின்னு தெரியல.

செல்வி அத்தை: நீச்சலுடைக்குன்னு தனியா ஒரு கடற்கரை ஒதுக்கி, மறைப்புக் கட்டிப் போர்டு வச்சிருப்பாங்க. அதுக்கு வெளிய தோளும் முட்டியும் மூடியிருக்கணும். அம்மாவுக்கு இது நல்லது கௌரி. அந்த ஊர்ப் பொம்பளைங்க உடுத்துன துணியோடதான் கடல்ல எறங்குவாங்க. அம்மா சுடிதாரோட எறங்குனா யாரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க. திருச்செந்தூர்ல குளிக்கிற மாதிரி நிம்மதியாக் குளிக்கலாம்.

செல்வி அத்தை: கார்த்தி, உனக்கு ஒண்ணு சொல்லுதேன். ஸ்நோர்க்கல் போனா லைஃப் ஜாக்கெட் இல்லாம எறங்காத, நீச்சல் தெரிஞ்சாலும். பாறை விளிம்புல நீரோட்டம் சட்டுனு இழுக்கும். ஊர்ப் பையன் ஒருத்தன் கூட இருக்கணும். பவளத்து மேல கால் வைக்காத. கால் கிழியும், ஆறுறதுக்கு நாளாகும். அதவிட, அது உசிரு. 1998லயும் 2016லயும் கடல் சூடாகி வெளுத்துப் போன பவளம் அது. கரைல கெடக்க துண்டக்கூட எடுத்துட்டு வரக் கூடாது. சட்டப்படியும் தப்பு.

கார்த்தி: எடுக்க மாட்டேன் அத்தை.

செல்வி அத்தை: சில்லறை விஷயம்: சார்ஜருக்கு மூணு சதுரக் கால் பிளக் வேணும், இங்கயே வாங்கிக்கோ. ஸ்பீடு போட்ல பின்னாடி உக்காருங்க, முன்னாடி தூக்கித் தூக்கிப் போடும். அம்மாவுக்கு ஏறுறதுக்கு அரை மணி முந்தி வாந்தி மாத்திரை. பிரஷர் மாத்திரைய டாக்டர் சீட்டோட கைப்பைல வை. சாயந்திரம் கொசு இருக்கும், டெங்குவும் உண்டு, ஒடோமாஸ் மறக்காத. குழாய்த் தண்ணிய குடிக்க வேண்டாம், பாட்டில் தண்ணி.

புதன், காலை 9:20

கார்த்தி: டிக்கெட் மாறிடுச்சு. திங்கள் காலை 11க்கு எறங்குறோம், வெள்ளி மத்தியானம் கெளம்புறோம்.

செல்வி அத்தை: வெள்ளி கெளம்புறதா? அப்ப வியாழன் சாயந்திரமே போட் ஏறி மாலேக்கோ ஹுல்ஹுமாலேக்கோ வந்திரு. கடைசி ராத்திரி அங்கன தங்கு. ரெண்டுக்கும் ஏர்போர்ட்ல இருந்து ரோடு இருக்கு, 2018ல பாலம் தொறந்த பொறகு மாலேக்கும் பஸ்லயே போயிரலாம். வெள்ளிக்கிழமை போட்ட நம்பி ஃபிளைட்டப் பிடிக்காத.

கார்த்தி: சரி அத்தை. தொட்டூல மூணு ராத்திரி, மாலேல ஒரு ராத்திரி.

செல்வி அத்தை: மாலேக்குப் பொழுது சாயுறதுக்குள்ள வந்தா மீன் சந்தைக்குப் போ. தோனி வந்து சூரைய எறக்குற நேரம். ஒரு மீன அவங்க வெட்டுற வேகம் கண்ணு பிடிக்காது. பக்கத்துலயே மாசி விப்பாங்க, அவங்க ஹிகிமஸ்னு சொல்லுவாங்க. வேகவச்சு, புகையில போட்டு, வெயில்ல காய வச்சது. ரெண்டு துண்ட ஒண்ணோடொண்ணு தட்டிப் பாரு, கட்டையத் தட்டுன சத்தம் வரணும். சத்தம் மந்தமா இருந்தா ஈரம் இருக்கு, வாங்காத.

முருகன் சித்தப்பா: அரைக் கிலோ போதும்.

கௌரி: அத்தை, அம்மாகிட்ட சிலை விஷயம் சொல்லிட்டேன். கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், ஃபோன்ல படம் எடுத்து வச்சுக்கிறேன்னாங்க. ஒரே ஒரு கேள்வி கேக்குறாங்க: சமையக்காரருக்கு நாம சொல்றது புரியலன்னா?

செல்வி அத்தை: இரு.

செல்வி அத்தை: (குரல் செய்தி, 0:21)

செல்வி அத்தை: அவங்க பாஷை திவேஹிலயே பேசி அனுப்பியிருக்கேன். இந்த அம்மா மீன், கறி, முட்டை எதுவும் சாப்பிட மாட்டாங்க, முருங்கைக்கீரையும் பருப்பும் மீன் போடாமச் செஞ்சு குடுங்க, நான் உங்க ஊர்ப் பிள்ளைங்களுக்குக் கணக்குச் சொல்லிக் குடுத்த டீச்சர், எனக்காகச் செய்யுங்கன்னு. போன ஒடனே அடுக்களைக்குப் போய் இதப் போட்டுக் காட்டுங்க.

கௌரி: அம்மா மூணு தடவை போட்டுக் கேட்டுட்டாங்க அத்தை. முருங்கன்னு வர்ற எடத்துல நிறுத்தி நிறுத்திக் கேக்குறாங்க.