உள்ளமைந்த, உள்ளக, உடன்வரு... எதை வச்சுக்கலாம்?

எல்லாருக்கும் வணக்கம்,

பைத்தான் நிரல்மொழியில பிரிண்ட், லென், ரவுண்ட் மாதிரி எதையும் இம்போர்ட் பண்ணாமலே (தனியா வரவழைக்காமலே) கூப்பிட முடியற ஃபங்ஷன்களோட, அதாவது பில்ட்-இன் ஃபங்ஷன்களோட, தமிழ் ஆவணத்தைத் திருத்த உட்கார்ந்தேன், பழைய பக்கத்துல தலைப்பு உள்ளமைந்த செயற்கூறுகள், அடுத்த பத்தியிலேயே உள்ளக செயற்கூறு, கீழ எடுத்துக்காட்டுல உள்ளிணைந்த சார்பு. புதுசா படிக்க வர்றவங்க மூணும் வேற வேறன்னுதானே நினைப்பாங்க?

செயற்கூறா சார்பாங்கறதை இப்ப கிளப்ப வேணாம். சார்பு கணக்குல ஏற்கெனவே இருக்கு, எழில்ங்கற தமிழ் நிரல்மொழியில நிரல்பாகம்னு வச்சிருக்காங்க, தமிழ்நாட்டுப் பாடநூல்ல செயற்கூறு. பள்ளிக்கூடத்துலயே பழகின சொல்லுங்கறதால அதையே வச்சுக்கறேன். சிக்கல் அடைமொழியிலதான்.

உள்ளகன்னா 'உள்ளுக்குள்ள மட்டும் புழங்கறது, வெளியாள் தொடாதீங்க'ன்னுதான் காதுல விழுது. பேருக்கு முன்னாடி அடிக்கோடு போட்டு எழுதுறோமே, அந்த மாதிரி செயற்கூறுகளுக்கு அந்தச் சொல்லை விட்டுடணும். லென் அதுக்கு நேர் எதிர், எல்லாரும் எடுத்துப் புழங்கணும்னே வச்சது. உள்ளமைந்த அவ்ளோ மோசமில்ல, ஆனா இறந்தகாலப் பெயரெச்சம், ஒருதடவை அமைஞ்சு முடிஞ்சுபோன மாதிரி. ஆனா இந்தப் பட்டியல் மாறிக்கிட்டேதான் இருக்கு. ரெட்யூஸ்ங்கற செயற்கூறைப் பாருங்க, பைத்தான் 2ல நேரா கூப்பிடலாம், 3ல இம்போர்ட் பண்ண வேண்டிய ஃபங்டூல்ஸுக்குள்ள போயிடுச்சு. ஏஐட்டர், ஏநெக்ஸ்ட் ரெண்டும் 3.10லதான் உள்ள வந்துச்சு.

பில்ட்-இன்னுக்கு உடன்வருன்னும் ஒரு யோசனை வந்துச்சு, முதல்ல எனக்கும் அதுதான் பிடிச்சிருந்துச்சு. ஆனா கணக்குச் செயற்கூறுகள் இருக்கற மேத் மாட்யூலும் (தனித் தொகுப்பு) பைத்தான் கூடவேதானே வருது? கூட வந்தாலும் இம்போர்ட் பண்ணாதவரைக்கும் ஸ்கொயர் ரூட் கைக்கு வராது. லென் அப்படி இல்ல, நம்ம கூடவே குடியிருக்கு. அதனால உடனுறை செயற்கூறுன்னு வைக்கலாமான்னு கேக்கறேன். சுடுமணல், ஓடுதளம் மாதிரி வினைத்தொகை, உறைந்த, உறைகிற, உறையும்னு மூணு காலமும் உள்ளேயே அடங்கிடுது, நடுவுல வல்லினமும் மிகாது (பழைய பக்கத்துல 'உள்ளமைந்தச் செயற்கூறு'ன்னு ச் போட்டு நாலஞ்சு இடத்துல இருக்கு, பெயரெச்சத்துக்கும் அது வராதுங்க). உறைன்னா தலையணை உறை ஞாபகம் வரும்னு சொல்வீங்க, உறைவிடம்னு எல்லாருக்கும் தெரிஞ்ச சொல் இருக்கே.

இன்னொரு வசதி. இன்ட், ஸ்டர், ரேஞ்ச் எல்லாம் அதே பட்டியல்ல இருந்தாலும் உண்மையில கிளாஸ்தான் (தரவு வகை), செயற்கூறு இல்ல. அடைமொழி தனியா நின்னா உடனுறை வகைன்னு எழுதிட்டுப் போயிடலாம். அதேமாதிரி இதெல்லாம் ஒதுக்கப்பட்ட சொல்லும் (நாம பேரா வைக்கக் கூடாதுன்னு மொழியே தடுத்து வச்ச சொல்) இல்ல, லென் = 5னு எழுதினா பைத்தான் மறுபேச்சில்லாம ஏத்துக்கும், அப்புறம் லென்னைக் கூப்பிடும்போதுதான் பிழை காட்டும். இதை ஆவணத்துல கட்டாயம் சொல்லணும், புதுசா எழுதறவங்க நிறையப் பேர் தடுக்கி விழற இடம்.

ரவுண்டுக்கு இப்படி மாத்தி எழுதியிருக்கேன், படிச்சுப் பாருங்க:

"ரவுண்ட்: உடனுறை செயற்கூறு. எண்ணை முழுமையாக்கித் தரும். சரிபாதியில் நின்றால் பக்கத்து இரட்டை எண்ணுக்குப் போகும். ரவுண்ட்(2.5) தருவது 2, ரவுண்ட்(3.5) தருவது 4."

பழைய பக்கத்துல 2.5க்கு 3னு இருந்துச்சு, அது பைத்தான் 2 காலத்துக் கணக்கு.

வேற நல்ல சொல் இருந்தா சொல்லுங்க, தலைப்பை இன்னும் மாத்தல. உடன்வருவை ஸ்டாண்டர்ட் லைப்ரரிக்கு (மேத் மாதிரி பைத்தான் கூடவே வர்ற மாட்யூல்களோட தொகுப்பு) கொடுத்துடலாமா, உடன்வரு நூலகம்னு?