வயதான பூனைக்கு இடுப்பில் முடி சடை பிடித்துவிட்டது, எப்படி எடுப்பது?

தாழ்வாரம்:

எங்கள் முத்துவுக்கு 14 வயது முடிந்துவிட்டது. சாம்பல் நிறம், நீள முடி. நாள் முழுக்க நக்கி நக்கித் தன்னைச் சுத்தமாக வைத்துக்கொள்கிற பூனை. சில மாதங்களாக வாலுக்கு மேலே, இடுப்புப் பகுதியில் முடி திரள ஆரம்பித்தது. முதலில் சின்னச் சின்ன முடிச்சு. இப்போது உள்ளங்கை அகலத்துக்கு ஒரே தகடாகச் சேர்ந்துவிட்டது. தொட்டால் பழைய கம்பளித் துண்டு மாதிரி இருக்கிறது. பின்னங்கால் இடுக்கில் ஒன்று, காதுக்குப் பின்னால் சின்னதாக ஒன்று.

சீப்பைப் பார்த்தாலே உறுமுகிறான். இடுப்புப் பக்கம் கை போனால் திரும்பிக் கடிக்க வருகிறான். அவன் கடிக்கிற பூனையே இல்லை. கத்தரிக்கோலால் நறுக்கி எடுத்துவிடலாமா? வெந்நீரில் குளிப்பாட்டினால் சடை இளகுமா? மயக்க மருந்து கொடுத்துத்தான் மழிக்க வேண்டும் என்றால் இந்த வயதில் தாங்குவானா? அவனுக்கு வலிக்கக் கூடாது, எனக்கு அதுதான் முக்கியம்.

மாடிப்படிப் பூனை:

கத்தரிக்கோல் வேண்டவே வேண்டாம். சடை இறுக இறுக அடியில் இருக்கும் தோலையும் சேர்த்து மேலே இழுத்துக்கொள்ளும். பூனையின் தோல் மெல்லியது, வயதானால் தளர்ந்தும் போயிருக்கும். வெறும் முடிதானே என்று நீங்கள் வெட்டுகிற இடத்தில் ஒரு மடிப்புத் தோல் ஒளிந்திருக்கும். கிழிந்தால் தையல்தான். குளியலும் வேண்டாம். நனைந்து காயும்போது சடை இன்னும் இறுகும், உள்ளே ஈரம் தங்கித் தோல் புண்ணாகும்.

காதுக்குப் பின்னால் இருப்பதை நீங்களே எடுக்கலாம். தூங்கி எழுந்து சோம்பலாகக் கிடப்பான் பாருங்கள், அதுதான் நேரம். தூக்கி மடியில் வைக்காமல் அவன் படுத்திருக்கும் இடத்துக்கே போங்கள். சடையின் மேல் கொஞ்சம் கார்ன்ஃப்ளவர் மாவு தூவி விரலால் மெதுவாகத் தேயுங்கள், முடி வழுக்கிப் பிரியும். ஒரு கையின் இரண்டு விரலால் சடையின் அடியை, தோலை ஒட்டி, பிடித்துக்கொள்ளுங்கள். அப்படிப் பிடித்தால் இழுப்பு உங்கள் விரலோடு நின்றுவிடும், தோலுக்குப் போகாது. மறு கையால் நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பிரியுங்கள். ஓரளவு தளர்ந்த பிறகுதான் அகலப் பல் உள்ள உலோகச் சீப்பு, அதுவும் நுனியில் தொடங்கி.

ஒரு தடவைக்கு இரண்டு மூன்று நிமிடம் போதும். வால் வேகமாக ஆடுவது, முதுகுத் தோல் துடிப்பது, காது பின்னால் மடங்குவது, இதில் எது தெரிந்தாலும் அங்கேயே நிறுத்திவிடுங்கள். பாதி சடை மிச்சம் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். அடுத்த முறை அவன் உங்களை நம்பி வருவது முக்கியம்.

இடுப்பில் இருக்கும் தகடும் கால் இடுக்கில் இருப்பதும் கையால் வருகிற கட்டம் தாண்டிவிட்டன. டாக்டரிடம் போங்கள்.

ஈரமூக்கு:

நான் விலங்கு மருத்துவமனையில் உதவியாளர். சடையை எடுத்துவிடலாம், அது ஒரு மணி நேர வேலை. அது ஏன் வந்தது என்பதுதான் எனக்குப் பெரிய கேள்வியாகப் படுகிறது.

பூனையின் நாக்கில் உள்ள முட்கள் நுனியில் குழிவானவை. எச்சிலை உறிஞ்சி முடியின் உள்ளே கொண்டுபோவது அந்தக் குழிவுதான் என்று 2018ல் ஓர் ஆய்வு காட்டியது. பர்ஷியன் மாதிரி நீள அடர் முடியில் அந்த முள் தோல்வரை எட்டுவதில்லை, அதனால்தான் அவற்றுக்கு எந்த வயதிலும் நம் சீப்பு தேவைப்படுகிறது. ஆனால் முத்து இத்தனை வருடம் தானே சமாளித்திருக்கிறான். இப்போது விட்டிருக்கிறான், அதிலும் சரியாக இடுப்பில். அங்கே நாக்கு போக வேண்டுமானால் முதுகெலும்பை நன்றாக வளைத்துத் திரும்ப வேண்டும். தொட்டால் கடிக்க வருகிறான் என்கிறீர்கள். எனக்கு முதல் சந்தேகம் மூட்டு வலி. 12 வயது தாண்டிய 100 பூனைகளின் எக்ஸ்ரேக்களைப் பார்த்த ஓர் ஆய்வு 2002ல் வந்தது. 90 பூனைகளுக்கு மூட்டுத் தேய்மானம் தெரிந்தது. பூனை நொண்டிக் காட்டுவது அபூர்வம். குதிப்பதைக் குறைக்கும், நக்குவதை விட்டுவிடும், அவ்வளவுதான்.

பல் வலி இருந்தாலும் நக்காது. ஒரு பக்கமாகவே மெல்கிறானா, பாருங்கள். எடை குறைந்து தண்ணீர் அதிகம் குடித்தால் சிறுநீரகம், தைராய்டு, சர்க்கரை மூன்றையும் பார்க்க வேண்டும்.

மயக்க மருந்துக்கு வயது மட்டுமே தடையில்லை. முன்னதாக ரத்தப் பரிசோதனையும் ரத்த அழுத்தமும் பார்த்துவிடச் சொல்லுங்கள். முழு மயக்கம் இல்லாமல் லேசான மருந்திலேயே பல பூனைகளுக்கு மழித்துவிடலாம். வீட்டிலிருந்து கிளம்பும் முன் கபாபென்டின் என்ற, பதற்றத்தைத் தணிக்கும் மருந்தைக் கொடுத்து அழைத்துவரச் சொல்லும் டாக்டர்களும் உண்டு. அளவை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும், சிறுநீரகம் பலவீனம் என்றால் அளவு குறையும். வலி என்று தெரிந்ததும் நாம் போடும் மாத்திரையைக் கொடுக்கத் தோன்றும். பாராசிட்டமால் பூனையைக் கொன்றுவிடும். ஒரு துண்டு கூட கூடாது.

தாழ்வாரம்:

இருவருக்கும் மிக்க நன்றி. ஈரமூக்கு சொன்னதைப் படித்துவிட்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஜன்னல் திட்டுக்கு ஒரே தாவலில் போகிறவன் இப்போது முதலில் நாற்காலி, அப்புறம் மேசை, அப்புறம்தான் ஜன்னல். இறங்கும்போது முன்னங்காலை ஊன்றிவிட்டுக் கொஞ்சம் நின்று, பிறகு பின்பக்கத்தைக் கொண்டுவருகிறான். மணல் தட்டுக்கு வெளியே சிறுநீர் போவதும் இதனால்தானோ? தட்டின் விளிம்பு உயரம்.

காதுச் சடை வந்துவிட்டது. மாவு போட்டுத் தேய்த்ததும் நடுவில் பிளந்து, நாலு சின்ன இழையாகப் பிரிந்தது. அடியில் இருந்த தோல் இளஞ்சிவப்பாக, பொடுகோடு இருந்தது, புண் இல்லை. அவன் கண்ணை மூடிக்கொண்டு காட்டினான். மற்றதற்கு டாக்டரிடம் நேரம் வாங்கிவிட்டேன். மழித்த பிறகு வீட்டில் என்ன கவனிக்க வேண்டும்?

மாடிப்படிப் பூனை:

நல்ல செய்தி! தகட்டின் அடியில் தோல் சிவந்தோ கன்றியோ இருக்கலாம், பயப்படாதீர்கள். நீர் கசிந்தாலோ நாற்றம் வந்தாலோ உடனே காட்டுங்கள். மழித்த இடத்தில் நீங்களாக எதையும் தடவாதீர்கள், நக்கி விழுங்கிவிடுவான். தேயிலை மர எண்ணெய் போன்ற வாசனை எண்ணெய்கள் பூனைக்கு விஷம். குளிர் தெரியும், மெத்தென்று ஒரு போர்வை போட்டு வையுங்கள். முடி வளரச் சில மாதம் ஆகும். முளைக்கத் தொடங்கியதும் தினமும் தடவிக்கொடுக்கும்போதே நடுவில் இரண்டு இழுப்பு சீப்பு, அப்புறம் மறுபடி கை. இடுப்பு, தொடை இடுக்கு, அக்குள், இந்த மூன்றையும் விட்டுவிடாதீர்கள்.

ஈரமூக்கு:

மணல் தட்டுக்கு இன்றே தாழ்ந்த விளிம்பு வாங்குங்கள், அல்லது ஒரு பக்கத்தை வெட்டி வாசல் மாதிரி விடுங்கள். சிறுநீர் விஷயத்தையும் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள், வேறு காரணமும் இருக்கலாம். இன்னொன்று: நாற்காலி வழியாக ஏறுவதையும் அந்த இறக்கத்தையும் போனில் வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள். மருத்துவமனையில் பூனை பயத்தில் சுருண்டு உட்கார்ந்துவிடும், நடந்து காட்டாது. டாக்டருக்கு அந்த வீடியோ பெரிய உதவி.